பிடி அரிசிக் கணக்கு

உலையில் போட அரிசியைக் களைவதற்கு முன் ஒரு பிடி அள்ளித் தனிச் சட்டியில் போட்டுவைப்பது தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் பாட்டி காலத்துப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி கோயிலுக்குப் போகும். சில சபைகளில் அது இல்லாதவர் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது. சில சபைகளில் விற்றுப் பணமாகிறது. வரவுப் புத்தகத்தில் ‘பிடி அரிசி’ என்று ஒரு வரி, எதிரே ஒரு தொகை. எந்த அடுப்படியிலிருந்து வந்தது, அந்த வாரம் அந்த வீட்டில் அரிசி போதுமான அளவு இருந்ததா என்பதற்கெல்லாம் புத்தகத்தில் இடம் கிடையாது.

திண்டுக்கல்லிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளியிலும் தாயாகவும் ஆசிரியையாகவும் கோயில் ஊழியத்தில் கைகொடுப்பவளாகவும் வாழ்ந்து முடித்த பெண்களின் வாழ்க்கை இப்படித்தான் கணக்கில் ஏறியிருக்கிறது. மொத்தத் தொகை இருக்கிறது. பேர் இல்லை.

அப்படிப்பட்ட ஒரு பெண்ணை அவருடைய ஊரில் தெரியாதவர்கள் குறைவு. தெருவுக்கே அவர் ‘டீச்சர்’. கணவர் பேரைச் சொல்லி வீடு கேட்டால் தெரியாதவர்கள்கூட டீச்சர் வீடு என்றால் கைகாட்டுவார்கள். வாரத்தில் ஐந்து நாள் அரசு உதவிபெறும் பள்ளியில் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ. தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவரானால் சனிக்கிழமை மாலை பாடகர் குழுப் பயிற்சி, ஞாயிறு காலை ஓய்வுநாள் பள்ளி, மாதத்தில் ஒரு நாள் பெண்கள் ஐக்கியச் சங்கக் கூட்டம், மே மாத வெயிலில் பத்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி. கத்தோலிக்கரானால் ஞாயிறு பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு, புதுநன்மை வாங்கப்போகும் பிள்ளைகளைச் செபங்கள் மனப்பாடம் பண்ணவைப்பது, அன்பியக் கூட்டம், மரியாயின் சேனையின் வாராந்தரக் கூட்டமும் அதில் ஒப்புக்கொண்ட வீடு சந்திப்புகளும். டப்ளின் நகரில் 1921இல் தொடங்கிய அந்தச் சேனை, உறுப்பினர் ஒவ்வொருவரும் அந்த வாரம் செய்த பணியைக் கூட்டத்தில் வாய்விட்டு அறிக்கை தர வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. தன் வேலையைத் தானே எழுந்து நின்று சொல்லும் வாய்ப்பு இந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் இடங்களில் அது ஒன்று.

இவ்வளவும் வீட்டு வேலை போக. பிள்ளைகளுக்கு டிபன் கட்டி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துவைத்து, பஸ் பிடித்துப் போய், திரும்பி வந்து விடைத்தாள் திருத்தி, அதன் பிறகு கோயில். திண்டுக்கல் முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழாவில் கிடாயும் கோழியும் அரிசியும் காய்கறியும் காணிக்கையாக வந்து குவிய, சாதி மதம் பாராமல் ஆயிரக்கணக்கானோர் அசனத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதைச் செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் படம் போட்டுக் காட்டும். சட்டுவத்தோடு நிற்கும் ஆண்கள் படத்தில் நன்றாகத் தெரிவார்கள்.

வீடு, பள்ளி, கோயில் மூன்றையும் ஒரே பெண் சுமக்கும் இந்த ஏற்பாடு எப்படி உருவானது என்பதற்கு வரலாறு உண்டு. அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கத்தின் மிஷனரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது 1834இல். அடுத்த ஆண்டே திண்டுக்கல்லில் ஒரு நிலையம் அமைந்தது. அதன் பிறகு வந்தவர்களில் பேர் நின்றவர் டாக்டர் எட்வர்டு செஸ்டர். 1902இல் இறக்கும்வரை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவமும் ஊழியமும் பார்த்தவர். பக்கத்தில் வத்தலக்குண்டில் இருந்தவர் ஜான் எஸ். சாண்ட்லர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913இல் தொடங்கியபோது அதன் முதல் பதிப்பாசிரியரானவர் அவர்தான். மதுரை மிஷனின் எழுபத்தைந்து ஆண்டு வரலாற்றை எழுதியவரும் அவரே. கத்தோலிக்கர் பக்கம் திண்டுக்கல் புனித சூசையப்பர் கோயில் 1866க்கும் 1872க்கும் இடையில் எழும்பியது. 2003இல் திருச்சியிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மறைமாவட்டமானபோது அது பேராலயமாயிற்று.

கட்டடங்களுக்கும் ஆண்களுக்கும் ஆண்டு சொல்ல முடிகிறது. அந்தக் கட்டடங்களுக்குள் பிள்ளைகளை உட்காரவைத்து அகரம் சொல்லித்தந்தவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. காரணம் மிஷனின் வேலைமுறையிலேயே இருந்தது. கிராமத்துக்கு உபதேசியார் ஒருவரை அனுப்புவார்கள். வாரநாளில் அவர் வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கியார். அவர் மனைவி படித்தவளாக இருக்க வேண்டும் என்பது எழுதாத விதி. பெண்பிள்ளைகளை அவள் பார்த்துக்கொள்வாள், பிரசவ வீட்டுக்குப் போவாள், பாட்டுச் சொல்லித்தருவாள். ஒருவரை நியமித்து இருவர் வேலையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. பெண்களுக்கு உறைவிடப் பள்ளிகள் திறந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றும் இதுதான்: உபதேசியார்களுக்கும் போதகர்களுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்த மனைவிமார் வேண்டும்.

அதைக் குறையாக மட்டும் சொல்லிவிட முடியாது. 1901 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதிலும் நூறு பெண்களில் எழுத்தறிந்தவர் ஒருவர்கூட இல்லை. அந்தக் காலத்தில், யாருக்கோ மனைவியாவதற்காகத் தரப்பட்ட படிப்பாக இருந்தாலும் படிப்பு படிப்புதான். கையில் வந்த எழுத்தைத் தந்தவர் நினைத்த எல்லைக்குள் மட்டும் யாரும் வைத்துக்கொள்வதில்லை. மதுரையில் ஈவா ஸ்விஃப்ட் 1892இல் தொடங்கிய வேதாகமப் பெண்கள் பயிற்சிப் பள்ளி, வீடுவீடாகப் போய் வாசிக்கக் கற்றுத்தரும் ‘வேதாகம ஸ்திரீ’களை உருவாக்கியது. அவர்களுக்கு ஊதியம் உண்டு, சிறிய ஊதியம். போன வீடுகளும் படித்த பெண்களும் ஆண்டறிக்கைகளில் எண்ணிக்கையாக ஏறின. பெண்ணின் அந்த உழைப்புக்குக் காசு மதிப்பு உண்டென்று மிஷனுக்குத் தெரிந்தே இருந்தது. இன்று அதே வீடு சந்திப்பைப் பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் ஊதியமில்லாமல் செய்கிறார்கள், எண்ணிக்கையும் எழுதப்படுவதில்லை.

ஓய்வுநாள் பள்ளியின் கதையும் இப்படித்தான். இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் 1780இல் அதைத் தொடங்கியபோது, வாரமெல்லாம் வேலைக்குப் போகும் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதுதான் முதல் நோக்கம். சொல்லித்தந்த பெண்களுக்கு அவர் காசு கொடுத்தார். கூலியோடு பிறந்த வேலை பின்னால் காணிக்கையாக மாறிற்று.

தாய், ஆசிரியை, திருச்சபை ஊழியர் என்ற மூன்றும் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் வாழ்க்கை முழுதாகக் கைக்குக் கிடைக்கிறதா என்று தேடினால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அன்னா சத்தியநாதனிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. திண்டுக்கல்லுக்குத் தெற்கே, திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்தவர். தகப்பனார் ஜான் தேவசகாயம், சர்ச் மிஷனரி சங்கத்தின்கீழ் தென்னிந்தியாவில் குருப்பட்டம் பெற்ற தமிழர்களில் மூத்தவர். கணவர் டபிள்யூ. டி. சத்தியநாதன், இந்து வீட்டிலிருந்து வந்து போதகரானவர். 1860களின் தொடக்கத்தில் குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. சிந்தாதிரிப்பேட்டைச் சீயோன் ஆலயம் கணவரின் பொறுப்பு. இன்றும் அந்தக் கோயில் அவர் பேரைச் சேர்த்தே அழைக்கப்படுகிறது.

போதகர் வீட்டம்மாவாக மட்டும் அன்னா இருக்கவில்லை. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். படிதாண்டாத இந்துப் பெண்களின் வீடுகளுக்குப் போய் வாசிக்கவும் தைக்கவும் கற்றுக்கொடுக்கும் வேலையைச் சென்னையில் முன்னின்று நடத்தியவர்களில் அவர் ஒருவர். அந்த அனுபவத்தை ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலாகவும் எழுதினார். 1878இல் கணவரோடு இங்கிலாந்து போய்வந்தார். இத்தனைக்கும் நடுவில் தாய்மாருக்காகத் தமிழில் அவர் எழுதிய புத்தகத்தின் பேர் ‘நல்ல தாய்’.

அந்தத் தலைப்பை இன்று பார்க்கும்போது அதற்குள் ஒரு முரண் இருப்பது தெரிகிறது. நல்ல தாய் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுவதற்கு, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு மேசையில் உட்கார வேண்டும். அச்சகத்தோடு பேச வேண்டும். பகலில் பிறர் வீடுகளுக்குப் போக வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு அறிவுரை எழுதிய பெண், வீட்டைவிட்டுத் தினமும் இறங்கியவர். அக்காலச் சமய இலக்கியம் தாய்மையைப் பெண்ணின் முழு வேலையாக முன்வைத்தது. அதை எழுதிய இவரோ தாய்மையை மற்ற இரண்டு வேலைகளுக்கும் உரிமைச் சீட்டாக்கிக்கொண்டார் என்று தோன்றுகிறது. நான் தாய், ஆகவே உங்கள் பிள்ளையைப் பற்றி உங்களோடு பேசலாம். பேசிவிட்டால் எழுத்தும் கற்றுத்தரலாம். சாத்தியிருந்த பல கதவுகள் இந்த வழியில்தான் திறந்திருக்க வேண்டும். இன்றைய டீச்சர் புதுமணப்பெண் இருக்கும் வீட்டுக்குள் நுழைவதும் இதே உரிமையில்தான்.

மற்றொன்றும் உண்டு. அன்னாவின் வீடு ஒரு பள்ளிக்கூடம்போலவே இயங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்க வந்த கிருபாபாய் தங்கியது அந்த வீட்டில். உடல்நிலை காரணமாக மருத்துவப் படிப்பு நின்றுபோனது; அந்த வீட்டு மகன் சாமுவேலை மணந்தார். ‘சகுணா’, ‘கமலா’ நாவல்களை ஆங்கிலத்தில் எழுதி 1894இல் முப்பத்திரண்டு வயதில் இறந்தார். சாமுவேல் மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியர்; சென்னை மாகாணக் கல்வி வரலாற்றை நூலாக்கியவர். அவர் பின்னர் மணந்த கமலா 1901இல் பெண்களுக்கென்று ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழைத் தொடங்கி ஆசிரியராக நடத்தினார். கமலாவின் மகள் பத்மினி சென்குப்தா தன் தாயின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். மாமியார், மருமகள்கள், பேத்தி என்று எழுதும் கை ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு நகர்ந்திருக்கிறது.

அன்னா 1890இல் இறந்தார். அவர் பேர் இன்றும் கிடைப்பதற்கு அவருடைய உழைப்பு மட்டும் காரணமாக முடியாது. அதே உழைப்பை உழைத்த உபதேசியார் மனைவிகள் திருநெல்வேலியிலும் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் ஏராளமாக இருந்திருப்பார்கள். அன்னாவுக்கு எழுதும் பிள்ளைகள் வாய்த்தார்கள், அச்சகம் பக்கத்தில் இருந்தது, சங்க அறிக்கைகள் லண்டனுக்குப் போயின.

திண்டுக்கல் சமவெளியிலேயே, கோயிலுக்கு வெளியே, வேறொரு பாதையும் இருந்தது. சின்னாளபட்டிக்கு அருகில் 1947இல் காந்திகிராமத்தை ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து நிறுவிய டாக்டர் சௌந்தரம், இளம் வயதில் கணவரை இழந்து, பிறகு மருத்துவம் படித்தவர். 1962இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போய் மத்தியக் கல்வித் துறைத் துணை அமைச்சரானார். இன்றைய திண்டுக்கல் மாவட்டத்து அய்யன்கோட்டையில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், ஆசிரியப் பயிற்சி பெற்றவர், இரண்டு பிள்ளைகளின் தாய். நிலமில்லாத தலித் பெண்களுக்கு நிலம் வாங்கித்தர 1981இல் ‘லாஃப்டி’ அமைப்பைக் கணவரோடு தொடங்கினார். இருவருக்கும் கோயில் ஊழியத்தோடு தொடர்பில்லை. ஆனால் ஒரு விஷயம் இவர்களை வைத்துத்தான் புரிகிறது. சேவை ஒரு நிறுவனமாகவோ போராட்டமாகவோ வடிவெடுத்தால் வரலாறு அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறது. வாரா வாரம் அதே பெஞ்சில் அதே முப்பது பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்ததை எங்கே வைப்பதென்று அதற்குத் தெரிவதில்லை.

இந்த வாழ்க்கையைப் புகழ்ந்து மட்டும் எழுதுவதில் ஆபத்தும் இருக்கிறது. ‘அர்ப்பணிப்பு’ என்று சொல்லிவிட்டால் கேள்வி நின்றுவிடுகிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடங்களை. பெண்களுக்கு அது ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அதற்கு மேல் பள்ளி, அதற்கும் மேல் கோயில். 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய மாதம் 1000 ரூபாய்த் திட்டத்துக்கு உதவித்தொகை என்று பேர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்ததில், பெண்ணின் வீட்டு உழைப்புக்கும் மதிப்பு உண்டென்ற ஒப்புதல் இருக்கிறது. அரசாங்கம் சொல்லத் தொடங்கியதைத் திருச்சபைகள் இன்னும் சொல்லவில்லை. ஆராதனையில் பெண்கள் பக்கம் நிறைந்திருக்கும். சேகரக் கமிட்டி மேசையைச் சுற்றி ஆண்கள் நிறைந்திருப்பார்கள். தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது. அதன் முதல் பெண் பேராயர் புஷ்பலலிதா நந்தியாலில் பொறுப்பேற்றது 2013இல். இடையில் அறுபத்தாறு ஆண்டுகள். கத்தோலிக்கத் திருச்சபையில் குருத்துவமே பெண்களுக்கு இல்லை.

இந்த உள்முரணை உள்ளிருந்தே எழுதியவர் விருதுநகர் மாவட்டத்துக்காரரான பாமா. ஆசிரியையாக இருந்து, கன்னியர் மடத்தில் சேர்ந்து, பிறகு வெளியேறியவர். 1992இல் மதுரையிலிருந்து வெளிவந்த ‘கருக்கு’, சபைக்குள்ளும் மடத்துக்குள்ளும் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று ஒளிக்காமல் சொன்னது. அடுத்து வந்த ‘சங்கதி’ தன் பாட்டியையும் தெருப் பெண்களையும் பேசவிட்டது. மிஷன் அறிக்கைகளில் வெறும் எண்ணிக்கையாக இருந்த பெண்களுக்கு அந்தப் புத்தகங்களில் குரலும் கோபமும் சிரிப்பும் வந்தன. ஊழியம் செய்யும் பெண்ணைப் பற்றி எழுதும்போது அவள் பட்ட அவமானத்தையும் சேர்த்து எழுதினால்தான் அது அவள் வாழ்க்கையாகும் என்பதற்குப் பாமா முன்னுதாரணம்.

அதே நேரத்தில் கோயில் இந்தப் பெண்களிடமிருந்து எடுத்துக்கொண்டது மட்டும்தான் என்பதும் முழு உண்மையாகாது. நூறு பேர் முன்னால் எழுந்து ஜெபிக்க, சங்கக் கணக்கு எழுத, கூட்டம் நடத்த, ஏலத்தில் விலை கூட்டிக் கேட்க, குருவானவரிடமே மறுப்புச் சொல்ல அங்கேதான் பலர் பழகினார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயைப் பத்து மடங்கு விலைக்கு ஏற்றிவிட்டு, அந்தப் பணத்தில் எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டலாம் என்று அங்கேயே முடிவெடுக்கும் பெண்கள் உண்டு. பேர் எழுதாத மேசையிலும் அதிகாரம் கொஞ்சம் கைமாறத்தான் செய்கிறது. ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பேச்சுக்குக் கூச்சம் விட்டுப்போன பெண்பிள்ளைகள், பிறகு ஆசிரியைகளாகவும் செவிலியர்களாகவும் சம்பளப் பட்டியலில் ஏறினார்கள்.

இவர்களுடைய வாழ்க்கை வரலாறு ஒரே ஒரு முறை எழுதப்படுகிறது. டீச்சர் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்த’ மறுநாள், அடக்க ஆராதனையில் ‘வாழ்க்கைக் குறிப்பு’ என்று ஒன்று வாசிப்பார்கள். இரவோடு இரவாக மகனோ பேத்தியோ நோட்டுத்தாளில் எழுதியது. பிறந்த ஊர், பெற்றோர், எந்தப் பள்ளியில் படித்தார், எந்த ஆண்டு வேலையில் சேர்ந்தார், எத்தனை ஆண்டு ஓய்வுநாள் பள்ளியில் சொல்லித்தந்தார், யார் யாரைப் படிக்கவைத்தார் எல்லாம் அதில் இருக்கும். ஐந்து நிமிடத்தில் வாசித்து முடிந்துவிடும். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிவருவதற்குள் அந்தத் தாள் யாருடைய சட்டைப் பையிலாவது மடங்கிப்போகும். திருமணப் பதிவேடும் ஞானஸ்நானப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் நூறாண்டுக்கு மேல் பத்திரமாக இருக்கிற அதே கோயிலில், அந்தத் தாளுக்கு மட்டும் அலமாரி இல்லை.

பங்குகளும் சேகரங்களும் நூற்றாண்டு மலர் போடும்போது பேராயர் வாழ்த்து, ஆயர் வாழ்த்து, குருவானவர்களின் பட்டியல் என்று முதல் நாற்பது பக்கம் போய்விடுகிறது. 2028இல் திண்டுக்கல் மறைமாவட்டத்துக்கு இருபத்தைந்து ஆண்டு நிறையும். 2035இல் திண்டுக்கல்லில் அமெரிக்க மிஷன் கால்வைத்து இருநூறு ஆண்டு. இரண்டுக்கும் மலர் வரத்தான் போகிறது. மலர்க் குழுவில் இருக்கப்போகிறவர்கள் இப்போதே ஒரு வேலை செய்யலாம். இனி வாசிக்கப்படும் ஒவ்வொரு வாழ்க்கைக் குறிப்பையும் அன்றே வாங்கிக் கோப்பில் போடுங்கள். உயிரோடு இருக்கும் பழைய டீச்சர்களின் வீட்டுக்குப் போய், எந்த ஆண்டு எந்த ஊரில் யாருக்குச் சொல்லித்தந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சம்பளம் எவ்வளவு, எந்த வேலைக்குச் சம்பளம் வரவில்லை என்பதையும் தயங்காமல் கேளுங்கள். அவர்களில் பலருக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது.